திருவிழா நாடகம் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைக் கிராமம் எங்களுடையது. காளியம்மன் கோயில் முளைப்பாரித் திருவிழாவுக்கு நாடகம் பேசி முடிக்கும் பொறுப்பு ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டிய அன்றே போன் வர ஆரம்பித்துவிடும். சென்னையில் இருக்கும் தங்கச்சி மகன், சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும் மச்சான், ராமநாதபுரத்தில் வேலை பார்க்கும் புது மருமகள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

மாமா, நாடகம்னா எந்த நாடகம்? எங்க வீட்டுல டிவி சீரியலையும் நாடகம்னுதான் சொல்றாங்க.

இது மேடை நாடகம். கோயில் திருவிழாவில் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கிற இசை நாடகம். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், அரிச்சந்திரா மயான காண்டம் என்று ஒரு வரிசை உண்டு. பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். மேடை ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், சத்தங்களுக்கென்று ஆல்ரவுண்டு என நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த நாடகங்களில் பலவற்றை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922-ல் புதுச்சேரியில் காலமானார். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்றவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். சுவாமிகள் போய் நூறு வருடம் தாண்டிவிட்டது. அவர் கட்டிய பாட்டு இன்றைக்கும் எங்கள் ஊர் மேடையில் ராத்திரி ஒரு மணிக்குக் கேட்கிறது.

நோட்டீசுல 'ஸ்பெஷல் நாடகம்'னு போடுறீங்களே, அதுல என்ன ஸ்பெஷல்?

முன்பெல்லாம் நாடகக் கம்பெனிகள் இருந்தன. ஒரு முதலாளி, ஒரு வாத்தியார், மாதக்கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷல் நாடகம் அப்படியில்லை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசுகிறோம். கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, சிரிக்க வைக்கும் பபூன் காரைக்குடியிலிருந்து, ஆர்மோனியம் பரமக்குடியிலிருந்து. நாடகத்துக்கு டைரக்டர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்து வந்தவர்கள், அதனால் யாரோடு யாரைச் சேர்த்தாலும் நாடகம் நடக்கும்.

போன வருடம் எங்கள் பள்ளிக்கூட அறையில் நடிகர்கள் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது நான் கூட இருந்தேன். வள்ளி வேடம் கட்டும் அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே, "அண்ணே, நீங்க எத்தனை கட்டை?" என்று கேட்டார். கட்டை என்றால் பாடுகிற சுருதி. முருகன் வேடக்காரர், "நாலரை வச்சுக்கலாம் தாயி" என்றார். ஆர்மோனியக்காரர் தலையாட்டினார். அவர்களுக்குள் நடந்த ஒத்திகை அவ்வளவுதான். அதற்கு முன் இருவரும் சேர்ந்து நடித்ததே இல்லை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

எப்ப நடக்கும், எங்க நடக்கும்? முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மாசி, பங்குனியில் சூடுபிடித்து ஆடி, ஆவணி வரைக்கும் சீசன். ஐப்பசி, கார்த்திகையில் மழை, அப்போது மேடை சும்மா கிடக்கும். எங்கள் கரையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் எங்கே நாடகம் வைத்தாலும் திடல் நிறைந்துவிடும்.

சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் சுவரிலும் டீக்கடையிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இப்போது வாட்சப்பிலும் வருகிறது. நாடகத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கீழே நடிகர்கள் பெயரையும் பாருங்கள். நாடகத்தை ரசிக்கிறவர்கள் "யார் ராஜபார்ட்டு, யார் ஸ்திரீபார்ட்டு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நல்ல ஜோடி என்றால் இருபது கிலோமீட்டர் பைக்கில் வருவார்கள்.

டிக்கெட் எவ்வளவு?

டிக்கெட் கிடையாது. ஊர்க்காரர்கள் தலைக்கட்டு வரி போட்டு வைக்கிற நாடகம். வெளியூர்க்காரர்கள் தாராளமாக வந்து உட்காரலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

விடிய விடிய உட்காரணுமா? அவ்வளவு நேரம் எனக்கு முடியாதே.

வேண்டாம். வள்ளி திருமணம் என்றால் எங்கள் பக்கம் ஏறத்தாழ இப்படிப் போகும்: பத்து மணிக்கு ஆர்மோனியக்காரரின் கடவுள் வாழ்த்து. அப்புறம் பபூனும் டான்சும், நள்ளிரவு தாண்டும்வரை. அதன்பின் வள்ளி தினைப்புனத்துக்கு வந்து ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். நாரதர் வருவார், இருவருக்கும் தர்க்கம் நடக்கும். மூன்று மணிவாக்கில் முருகன் வேடனாக வருவார். விடியும்போது கல்யாணம். ஒரு மணிக்கு வந்து மூன்று மணிக்குத் திரும்பினால்கூட நாடகத்தின் உயிரான பகுதியைப் பார்த்துவிடலாம்.

நடுவில் தூங்கினால் தப்பில்லை. பாயும் போர்வையும் கொண்டுவாருங்கள், ஆடி மாதத்திலும் கடல் காற்று மூன்று மணிக்கு உடம்பைக் குத்தும். உட்காரும் இடத்தில் கவனம் வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், மேடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் பாதி வசனத்தைக் காற்று கொண்டுபோய்விடும். வடகிழக்கு ஓரத்தில் உட்கார்ந்தால் பின்வரிசையிலும் மூச்சு விடுகிற சத்தம்வரை கேட்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் சாயங்காலமே பாயை விரித்து இடம் பிடிப்பது அந்த ஓரத்தில்தான்.

வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் ஆகப்போறது எல்லாருக்கும் தெரியும். அதையே வருஷா வருஷம் எதுக்குப் பார்க்கணும்?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். கதை தெரிந்ததுதான். அன்றைக்கு நாரதர் என்ன கேட்பார், வள்ளி என்ன பதில் சொல்வாள் என்பது அவர்கள் இருவருக்குமே தெரியாது. முன்பின் சேர்ந்து நடிக்காதவர்கள் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதன் ருசி இங்கேதான் தெரியும். நாரதர் இல்லறம் பெரிதா துறவறம் பெரிதா என்று தொடங்குவார். தொண்ணூற்றாறு தத்துவங்களைக் கேட்பார். திருக்குறளை இழுப்பார். வள்ளி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, திருப்பி ஒரு கேள்வி போடவேண்டும். பதில் வரத் தாமதமானால் ஆர்மோனியம் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டி அவருக்கு நேரம் வாங்கித் தரும். அதைக் கவனித்துக் கேட்டால் மேடையில் மூன்று பேர் சேர்ந்து யோசிப்பது புரியும்.

மூன்று வருடம் முன்னால் ஒரு நாரதர், "தனியாய்க் காவல் காக்கும் பெண்ணே, உனக்குப் பயமில்லையா?" என்று கேட்டார். வழக்கமாக இதற்கு "குலதெய்வம் காக்கும்" என்று ஒரு பாட்டு உண்டு. அந்த அம்மா பாடவில்லை. கூட்டத்தைக் கைகாட்டி, "சுவாமி, இந்தப் பெண்களெல்லாம் புருஷன் கடலுக்குப் போன ராத்திரி தனியாய்த்தான் படுக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத பயம் எனக்கு எதற்கு?" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று. அந்தப் பதில் எங்கள் ஊருக்காக, அந்த நிமிடத்தில் பிறந்தது.

யூடியூப்ல முழு நாடகமே இருக்கே. போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே பார்த்தா போதாதா?

நானும் யூடியூபில் பார்க்கிறேன். நடிகரைப் பேசப் போகும் முன் அவர் குரலையும் தர்க்கத்தையும் அதில்தான் கேட்டுக்கொள்கிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் பதிவில் உங்களுக்கு இடம் கிடையாது. நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது அப்படியேதான் ஓடும். திடலில் நீங்கள் இருப்பதால் நாடகம் மாறும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து ஊரில் அரிச்சந்திரா மயான காண்டம். பாம்பு கடித்து இறந்த லோகிதாசனைச் சந்திரமதி சுடுகாட்டுக்குத் தூக்கி வருகிறாள். காவல்காரனாக நிற்கும் அரிச்சந்திரன், கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் இல்லாமல் பிணம் எரிய விடமாட்டேன் என்கிறான். அவளிடம் எதுவும் இல்லை. முந்தானையை ஏந்திக்கொண்டு அழுகிறாள். அப்போது முன்வரிசையிலிருந்து கருவாடு விற்கும் ஒரு அப்பத்தா எழுந்தார். சுருக்குப்பையை அவிழ்த்து ஐம்பது ரூபாயை எடுத்து, மேடை ஓரத்தில் கையை ஊன்றி நின்று, அந்த முந்தானையில் போட்டார். "இந்தா தாயி, இதைக் குடுத்து புள்ளையை அடக்கம் பண்ணு" என்றார்.

காசு கிடைத்துவிட்டால் கதை நின்றுபோகும். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியைக் காவல்காரன் பார்த்து, "அதை விற்றுக் கொடு" என்று சொல்வதால்தான் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் காணவேண்டும். சந்திரமதியாக நடித்தவர் ஒரு கணம் அந்த நோட்டையே பார்த்தார். அப்புறம் மண்டியிட்டு அப்பத்தாவிடம் சொன்னார்: "அம்மா, நான் விலைக்கு விற்கப்பட்ட அடிமை. என் கையில் விழுகிற காசெல்லாம் என் எசமானுக்குச் சொந்தம். அதை எடுத்து என் பிள்ளைக்குக் கொள்ளி வைத்தால் சத்தியம் தவறிப்போகுமே, நான் என்ன செய்வேன்?" ஆர்மோனியம் முகாரிக்குப் போனது. அப்பத்தா நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சுற்றி அத்தனை பேரும் அழுதோம். பக்கத்தில் ஒரு பையன் இதைப் போனில் எடுத்தான், பிறகு பார்த்தேன். அப்பத்தாவின் முதுகு மட்டும்தான் அதில் தெரிகிறது.

பாட்டு வார்த்தை புரிய மாட்டேங்குதே. பழைய தமிழா இருக்கு.

முதல் அரைமணி நேரம் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாலும் அதே பொருளை வசனமாகச் சொல்வார்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வயதானவர்கள் இருந்தால் கேளுங்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் சந்தோஷம்.

ஏன் இவ்வளவு உச்சத்துல பாடுறாங்க? காது வலிக்குது.

மைக் இல்லாத காலத்துப் பழக்கம். கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்பதால் மேல் கட்டையில் பாடினார்கள், அதுவே இந்த நாடகத்தின் குரலாக நிலைத்தது. மேடையில் பாடி நடித்த எஸ்.ஜி. கிட்டப்பா 27 வயதில், 1933-ல் மறைந்தவர். அவரையும் கே.பி. சுந்தராம்பாளையும் இன்றைக்கும் மேடையில் நினைத்துக்கொள்வது அந்தக் குரலுக்காகத்தான். காது வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கர் பெட்டி. அதன் நேர் எதிரே உட்காராதீர்கள்.

பபூன் சீன்ல பேச்சு ஒரு மாதிரியா இருக்குமாமே? பொம்பளைப் பிள்ளைகளோட வரலாமா?

நியாயமான கேள்வி. பபூன், டான்ஸ் பகுதியில் இரட்டை அர்த்தப் பேச்சு வருவதுண்டு, சில இடங்களில் எல்லை மீறியும் போயிருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. நடிகரைப் பேசும்போதே "குடும்பமாய் உட்கார்ந்து பார்க்கிற ஊர்" என்று சொல்லிவிடுவேன். நல்ல பபூனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மாமியார் மருமகள், குடி, ரேஷன் கடை, செல்போன் என்று ஊர் விஷயத்தை வைத்தே திடலைச் சிரிப்பில் உருட்டிவிடுவார். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் ஒரு மணிக்கு மேல் வாருங்கள், மேலே சொன்ன நேரக் கணக்கைப் பாருங்கள்.

புராணக் கதையைப் பார்த்து இன்னைக்கு என்ன ஆகப்போகுது?

சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாத தாஸ், வெள்ளைக்காரன் காலத்தில் இதே வள்ளி திருமண மேடையில் நின்று "கொக்கு பறக்குதடி பாப்பா" என்று பாடினார். வெள்ளைக் கொக்கு யாரென்று கேட்ட அத்தனை பேருக்கும் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. பலமுறை சிறைக்குப் போனார். 1940 கடைசியில் சென்னையில் முருகன் வேடத்தில் இருக்கும்போதே மேடையில் உயிர் பிரிந்தது.

இப்போதும் அப்படி நடக்கிறது. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பக்கத்து ஊர்ப் படகு ஒன்று பிடிபட்டிருந்த வாரத்தில் எங்கள் ஊரில் நாடகம். வள்ளி ஆலோலம் பாடி முடித்து, கவணைக் கீழே வைத்துவிட்டு, "என் புனத்துப் பறவையை நான் விரட்டுகிறேன், அது வேறு புனத்துக்குப் போய்ப் பசியாறும். கடலில் விரட்டப்பட்டவர்கள் எந்தக் கடலுக்குப் போவார்கள்?" என்று கேட்டார். யாரும் கைதட்டவில்லை. அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நடுவுல சினிமாப் பாட்டெல்லாம் பாடுறாங்களே, அது நாடகமாகுமா?

அளவோடு வந்தால் கெடுதல் இல்லை. கதைக்குப் பொருந்தும் பழைய பாட்டு ஒன்றிரண்டு வந்தால் இளம்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். தர்க்கத்தைச் சுருக்கிவிட்டுப் பாட்டாகவே ஓட்டினால் நாடகம் கெட்டது. அந்த மாதிரி ராஜபார்ட்டை அடுத்த வருடம் நான் கூப்பிடுவதில்லை.

நாங்க முஸ்லிம் வீடு. கோயில் நாடகத்துக்கு வந்தா யாராவது ஏதாவது சொல்வாங்களா?

ஒருவரும் சொல்லமாட்டார்கள், வாருங்கள். மேடை கோயிலை விட்டுத் தள்ளி, பொதுத் திடலில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு சவுண்டு சர்வீஸ் போடுகிறவரே ஒரு பாய்தான். தர்க்கம் முடியும்வரை பெட்டியை விட்டு நகரமாட்டார், நாரதர் தடுமாறினால் அவருக்குத்தான் முதலில் தெரியும். இதே நடிகர்கள் கிறித்தவ ஊர்த் திருவிழாவில் ஞானசௌந்தரி நடிப்பார்கள், அங்கே நாங்கள் போய் உட்காருவோம்.

மேடையில ஏறி அன்பளிப்பு குடுக்கிறாங்களே, நானும் குடுக்கலாமா?

கொடுக்கலாம். நோட்டை ஊக்கால் சட்டையில் குத்துவார்கள், அல்லது ஆர்மோனியக்காரரிடம் கொடுத்தால் மைக்கில் பெயர் சொல்வார்கள். பாட்டு நடுவிலும் சாவுக் காட்சியிலும் மட்டும் ஏறாதீர்கள். அந்த அப்பத்தா செய்தது வேறு, அவர் சந்திரமதிக்குக் கொடுத்தார். நடிகருக்குக் கொடுப்பதாக இருந்தால் பாட்டு முடியும்வரை பொறுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல மைக் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கே?

இருக்கிறது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் விழாக் குழு முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி கேட்கிறது. கூம்பு குழாய் கட்டாமல் திடல் அளவுக்குப் பெட்டி மட்டும் வைக்கிறோம். கைக்குழந்தை, நோயாளி இருக்கும் வீட்டுப் பக்கம் பெட்டியைத் திருப்புவதில்லை.

ஆடலும் பாடலும் வச்சா இதைவிடக் கூட்டம் வருமே? இளவட்டங்க அதைத்தான் கேக்குறாங்க.

வரும், பன்னிரண்டு மணிக்குக் கலைந்தும் போகும். ஒரு வருடம் எங்கள் ஊரிலும் நாடகத்துக்குப் பதில் அதை வைத்தார்கள். மறுநாள் டீக்கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாடகம் நடந்தால், வள்ளி சொன்ன பதில் சரியா, நாரதர் விட்டுக்கொடுத்துவிட்டாரா என்று ஒரு வாரம் வலை பின்னும் இடத்தில் வாக்குவாதம் நடக்கும். அடுத்த வருடம் இளவட்டங்களே நாடகம் என்று கைதூக்கினார்கள்.

நடிகர்களுக்கு இதுல பிழைப்பு நடக்குதா?

சீசனில் நடக்கிறது. ஆறேழு மாதச் சம்பாத்தியத்தில் வருடம் முழுக்க ஓட்டவேண்டும். 2020, 2021-ல் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது மிகவும் கஷ்டப்பட்டார்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி போன்ற ஊர்களில் அவர்களுக்கென்று சங்கங்கள் உண்டு. பெண் நடிகர்களுக்குச் சுமை இரட்டிப்பு. ராத்திரி வேலை என்பதால் கண்டவர்களும் கண்டபடி பேசுகிறார்கள். விடிய விடிய முருகனுக்கு மாலை போட்டவரைக் கும்பிட்டுவிட்டு, காலையில் பஸ் ஸ்டாண்டில் அவரையே ஏளனமாகப் பார்க்கிறவர்களை எனக்குப் பொறுக்காது.

நாடகம் வைக்கும் ஊர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாழ்ப்பாள் போடும் அறை, கதவுள்ள கழிப்பறை, குடிக்க வெந்நீர், விடிந்ததும் கையில் முழுப் பணம். இந்த நாலும் சரியாக இருந்தால் அடுத்த வருடம் அவர்களே தேதி கேட்டுப் போன் செய்வார்கள்.

என் பையனுக்கு எட்டு வயசு. முதல்ல எந்த நாடகத்துக்குக் கூட்டிட்டு வரலாம்?

வள்ளி திருமணம். மயான காண்டம் இப்போது வேண்டாம், பிள்ளைகள் பயந்து அழுவார்கள். சாயங்காலம் நன்றாகத் தூங்க வையுங்கள். பத்தரைக்குக் கூட்டிவந்து பபூனைக் காட்டுங்கள், தர்க்கம் வரும்போது பாயில் அவனே சுருண்டு படுத்துவிடுவான். விடுங்கள், தூங்கட்டும். வள்ளி கிழவனாக வந்த முருகனை உதறிவிட்டுப் போகும்போது, அவர் அண்ணன் விநாயகரைக் கூப்பிடுவார். எங்கள் ஊரில் யானை மேடையின் பின்பக்கத்திலிருந்து வராது, கூட்டத்துக்கு நடுவே வரும். இரண்டு ஆள் கறுப்புப் போர்வைக்குள், தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு. நாலு மணி இருக்கும். அந்த நேரத்தில் திடல் முழுக்கத் தாய்மார்கள் ஒரே குரலில் பிள்ளைகளை உலுக்குவார்கள்: "யானை வருது, எந்திரி, எந்திரி!" உங்கள் பையனையும் அப்போது எழுப்புங்கள்.